மணல் மூட்டைக்குப் பதிலாக நின்றவள்

மகள்,

ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு உம்மா மகளுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று தெரிந்தால் அக்கம்பக்கம் சிரிக்கும். சிரிக்கட்டும். உன் குசினியில் நீ கரண்டி போடும் சத்தம்கூட என் யன்னலுக்குக் கேட்கிறது. கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாய், அதில் குறை சொல்ல ஏலாது. வந்து என் தோளில் போட்டிருக்கும் கட்டைப் பார்ப்பாய், கண் கலங்கும், "தேத்தண்ணி போடட்டா உம்மா" என்று கேட்டுக்கொண்டே திரும்பிப் போய்விடுவாய். காறை எலும்பு முறிந்த நாளில் இருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் தேத்தண்ணிதான், கதை இல்லை. முறிந்தது இடப்பக்கம். எழுதுகிற கை நல்லாத்தான் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன். கடதாசியைப் பார்த்து நீ அழுதால் எனக்குத் தெரியப்போவதில்லை, அழுது முடித்துவிட்டு மிச்சத்தை வாசி.

படம் எடுக்கிற லைட்டுகளையும் ஸ்டாண்டுகளையும் விற்கப் போகிறாய் என்று உன் வாப்பா சொன்னார். மூதூரில் இருந்து ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பார்க்க வருகிறாளாம். விளம்பரத்தில் உன் நம்பரைப் போடாமல் வாப்பாவின் நம்பரைப் போட்டிருக்கிறாய். விற்கிற விஷயத்தை உன் வாயால் சொல்லக்கூட உனக்கு மனம் வரவில்லை என்பது அதிலேயே விளங்குகிறது. கட்டாரில் இருந்து உன் புருசன் "போதும், வித்துப்போடு" என்றாராம். மாமியும் அதையே சொன்னாராம். எல்லோரிடமும் கேட்டிருக்கிறாய், அடிபட்டவளிடம் மட்டும் கேட்கவில்லை. தோள் நோவு மாத்திரைக்கு அடங்குகிறது மகள், இந்தக் கோபம் அடங்கவில்லை.

என்னைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் உன்னைக் கட்டிப்பிடித்து, "உன்ட பிழை இல்ல புள்ள, அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். அவன் நாட்டம் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் நான் உன்னைப் பெற்றவள், எனக்கு உன்னிடம் உண்மை பேச உரிமை உண்டு. ஓம், பிழை உன்னுடையதுதான். முழுவதும் இல்லை, ஒரு பங்கு. இன்னொரு பங்கு என்னுடையது, அதைப் பிறகு சொல்கிறேன். ஏன் இப்படி நெஞ்சில் கல்லைத் தூக்கிப் போடுகிறாள் என்று நினைக்காதே. பிழை என்றால் அடுத்த முறை அதைச் செய்யாமல் விடலாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் அந்த லைட் கம்பி விழுந்தது என்றால்தான் நீ விற்க வேண்டும், ஏனென்றால் அப்போது அது இனியும் விழும். ஆறுதல் சொல்கிறோம் என்று சொல்லி அவர்கள் உன் தொழிலைப் பறிக்கிறார்கள். நான் உன்னைக் குற்றம் சொல்லி அதைத் திருப்பித் தரப் பார்க்கிறேன்.

நீ கமராவைத் தூக்கிய காலத்தை ஒருக்கால் நினைத்துப் பார். எங்கள் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி. பெண்கள் மண்டபத்துக்குள் ஆம்பிளைக் கமராக்காரன் வர ஏலாது, வந்தாலும் மணப்பெண் முக்காட்டுக்குள் ஒளிந்துகொள்வாள். எத்தனை பெண்பிள்ளைகள் தங்கள் கலியாணத்துக்கு, மச்சியின் போனில் யாரோ கைநடுங்க எடுத்த படத்தோடு காலம் கழிக்கிறார்கள். நீ போகத் தொடங்கியதும் திருகோணமலை, கிண்ணியா, மூதூர் என்று எங்கிருந்தெல்லாமோ கூப்பிட்டார்கள். ஆனால் ஆண் கமராக்காரனோடு கூடப் போகிற ஒத்தாசைப் பெடியன் உனக்குக் கிடைக்க மாட்டான், அவனுக்கும் உள்ளே இடம் இல்லை. வாப்பா ஓட்டோவில் சாமான்களை ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிட்டால் அவருடைய வேலை முடிந்தது. உள்ளே தூக்குவதும் விரிப்பதும் நாங்கள் இருவரும்தான். நான் முதல் தடவை வந்தது உனக்குத் துணைக்கு. பிறகு பார்த்தால் எனக்கே அது பிடித்துப்போனது. பட்டுச் சாரியோடு நான்கு பேரோடு கதைத்துக்கொண்டு, புரியாணியும் தின்றுகொண்டு, கம்பியையும் பிடிக்கிற வேலை வேறு யாருக்குக் கிடைக்கும்.

ஒன்றும் தெரியாமல்தான் நாங்கள் இறங்கினோம். உப்புவெளிக் கடற்கரையில் அந்தப் புதுச் சோடியைப் படம் எடுக்கப் போன பின்னேரம் உனக்கு மறந்திருக்காது. காற்று கரையில் இருந்து கடலுக்கு அடிக்கிற காலம். நீ லைட்டுக்கு மாட்டுகிற வெள்ளைக் குடையை விரித்து ஸ்டாண்டின் தலையில் மாட்டி, ஸ்டாண்டை மணலில் நட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அது எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டது. வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார், அலைக்குள் இறங்கி அதன் காலைப் பிடித்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் வயிறு நோகச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நீ மட்டும் அழுதாய். ஓட்டோவில் திரும்பி வரும்போது வாப்பா சொன்னது ஒன்றுதான்: "குடைய விரிச்சுக் கம்பியில கட்டினா அது தோணிப் பாய், மகள். பாய்க்குக் கீழ பாரம் வேணும்." பிறகு கலியாண மண்டபத்துக்குள்ளும் அதே கதைதானே. கடல் இல்லாவிட்டாலும் மேடைக்குப் பக்கத்தில் அவர்கள் கொண்டுவந்து வைக்கிற பெரிய ஃபேன் இருக்கிறது. ஃபேனுக்கு நேரே குடையை வைக்கக் கூடாது என்று நாங்கள் கண்டுபிடித்தது, ஒரு மணப்பெண்ணின் தலையை உரசிக்கொண்டு குடை போன பிறகுதான்.

பாரத்துக்காக முதலில் அரிசிப் பைகளில் மணல் அள்ளிக்கொண்டு போனோம். அது ஒழுகி மண்டபத்துக் கம்பளம் எல்லாம் மணல், பொறுப்பாளர் எங்களைப் பார்த்த பார்வையில் எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதற்குப் பிறகுதான் உன் புருசன் அலுமாரியில் விட்டுப்போன ஜீன்ஸில் நான் கை வைத்தேன். ஒரு காலை வெட்டி, வெயிலில் காய்ந்த மணலைப் பொலித்தீன் பைகளில் கட்டி இரண்டு முனையிலும் இட்டு, நடுவிலே கொஞ்சம் வெறுமையாக விட்டுத் தைத்தேன். ஸ்டாண்டின் காலில் குறுக்கே போட்டால் இரண்டு பக்கமும் தொங்கி நிலத்தைத் தொட்டு நிற்கும், ஆடாது. அந்த ஜீன்ஸ் எங்கே என்று அவர் போனில் கேட்டபோது நீ இருமியது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. அவர் நாட்டுக்கு வரும்போது உண்மையைச் சொல்லிவிடு, மிச்சக் காலும் எனக்குத் தேவைப்படும்.

மூதூரில் உன் நகம் கறுத்ததும் அப்படித்தான். படம் எல்லாம் எடுத்து முடிந்த களைப்பில், ஸ்டாண்டின் மேல் குழாயைப் பிடிக்காமல் திருகை மட்டும் தளர்த்தினாய். லைட்டின் பாரத்தோடு குழாய் அப்படியே சரிந்து இறங்கி உன் விரலைக் கடித்தது. அன்றில் இருந்து நீ ஒரு கையால் குழாயைத் தாங்கிக்கொண்டுதான் மற்றக் கையால் திருகைத் தொடுவாய், எவ்வளவு அவசரம் என்றாலும். வயரை நடைபாதைக்குக் குறுக்கே விடாமல் சுவரோடு இழுத்து டேப் ஒட்டுவதும், ஸ்டாண்டின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி விடுவதும் அப்படித்தான் பழகியது. யாருடைய காலாவது தட்டினாலும் இழுவை கீழேதான் விழும், மேலே இருக்கிற லைட் ஆடாது. ஒவ்வொன்றும் எங்களுக்கு ஏதோ ஒரு அடிக்குப் பிறகு வந்த புத்தி. நகம் கறுத்த அன்று நீ விற்கிறேன் என்று சொல்லவில்லை. என் எலும்பு என்றதும் சொல்கிறாய்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீ அதைப் பற்றிக் கதைக்க மாட்டாய், நான்தான் கதைக்க வேண்டும். கிண்ணியாவில் அந்த மண்டபம் மேல்மாடியில். ஓட்டோவில் இருந்து சாமான்களை இறக்கும்போது நீ என் முழங்காலைப் பார்த்தாய், படிகளைப் பார்த்தாய். மணல் மூட்டையை ஓட்டோவிலேயே விட்டுவிட்டாய். வாப்பாவைப் படியடி வரை தூக்கி வரச் சொல்லியிருக்கலாம், நீயே இரண்டு தரம் ஏறியிறங்கியிருக்கலாம். நேரம் போய்விட்டது, பெண் வந்துவிட்டாள், எல்லாம் உண்மைதான். "உம்மா, நீங்க பக்கத்தில நிண்டு ஒருக்காப் பாத்துக்கொண்டாச் சரி" என்றாய். என் முழங்காலுக்கு இரங்கித்தான் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். மூட்டையைத் தூக்க வேண்டாம் என்று சொல்லி என்னையே மூட்டையாக்கிவிட்டாய் மகள். மணல் மூட்டை யாரோடும் கதைக்காது, அதற்குக் களைப்பு வராது, பழைய சினேகிதியைக் கண்டால் திரும்பிப் பார்க்காது. உம்மா அப்படி இல்லை. அதுதான் உன் பங்கு.

என் பங்கைச் சொல்கிறேன். உள்ளே வந்த பெண்கள் கறுப்பு ஹபாயாக்களைக் கழற்றி, பட்டும் நகையுமாக நின்றார்கள். கழற்றியதை எங்கே வைப்பது? கதிரையில் வைத்தால் ஆட்கள் அதன் மேல் இருந்துவிடுவார்கள், நிலத்தில் வைக்க மனம் வராது. பெண்ணின் சாச்சி, நல்ல பெரிய மனுசி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உன் ஸ்டாண்டின் திருகில் தன் ஹபாயாவை அழகாகக் கொழுவித் தொங்கவிட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பெண் வீட்டு ஆள், நாங்கள் கூலிக்குப் போனவர்கள், எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? ஒன்றைக் கண்டதும் மற்றவர்களும் கொழுவினார்கள், கைப்பைகளும் ஏறின. கொஞ்ச நேரத்தில் அது உடுப்புக்கடை வாசல் மாதிரி இருந்தது. ஒருவர் தந்ததை நானே வாங்கிச் சுருக்கம் விழாமல் தொங்கவிட்டேன், பார்த்துக்கொள். மரியாதை என்று சொல்லி வாயை மூடிக்கொண்டதோடு நில்லாமல் கை கொடுத்தும் உதவினேன்.

பிறகு வாசலில் இருந்து அந்தச் சத்தம் வந்தது, மாப்பிள்ளை வாறார் என்று. தாலி கட்ட மாப்பிள்ளை பெண்கள் பக்கம் வருகிற அந்த ஒரு நேரத்தில்தான் எல்லோரும் ஹபாயாவால் மூடிக்கொள்ள வேண்டும். மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் எழும்பியது. எத்தனை கைகள் அந்த ஸ்டாண்டைப் பிடித்து இழுத்தன என்று நான் பார்க்கவில்லை, ஒவ்வொருத்தியும் தன்னுடையதைத்தான் இழுத்தாள். ஸ்டாண்ட் மேடைப் பக்கமாகச் சாய்ந்தது. அங்கே பெண்ணுக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளை ஒன்று பூக்கூடையோடு நின்றது. நான் வீரம் காட்டவில்லை மகள், நினைக்கவும் நேரம் இல்லை, நின்ற இடம் அப்படி. தோளில் லைட் இறங்கியது. நிலத்தில் இருந்தபடி, "நீ போய்ப் படத்தை எடு" என்று சொன்னேன். நீ கமராவை எங்கோ போட்டுவிட்டு வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாய். மாப்பிள்ளை பாவம், வாசலில் நின்றபடியே நின்றார். கீழே இருந்து ஓடி வந்த உன் வாப்பாவும் அவருக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே காலெடுத்து வைக்காமல், "வரலாமா, வரலாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மூட வேண்டியவர்களின் ஹபாயாக்கள் எல்லாம் எனக்கு அடியில் அல்லவா கிடந்தன. அந்த மனுசன் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் கண் துடைக்கிறார்.

தாலி கட்டிய அந்தப் படம் உன்னிடம் இல்லை. அதுதான் உன்னைத் தின்கிறது என்றும் எனக்குத் தெரியும், என் எலும்பு மட்டும் இல்லை. அவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, பெண்ணின் உம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு அந்த நிமிசம் திரும்பி வராது. அதற்கு நான் ஒன்றும் சொல்ல ஏலாது, நீ சுமக்கத்தான் வேண்டும்.

படுத்தே கிடக்கிறவளுக்கு யோசிக்க நேரம் நிறைய. நான் என்ன யோசித்தேன் தெரியுமா? ஸ்டாண்டில் எதையும் கொழுவாதீர்கள் என்று சட்டம் போட்டு எங்கள் பெண்களை மாற்ற ஏலாது. வெளிச்சத்துக்கு வைத்த கம்பி என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஹபாயா கொழுவ வேறு இடம் அந்த மண்டபங்களில் இல்லை, அவ்வளவுதான். இடம் ஒன்று கொடுத்தால் அங்கே கொழுவுவார்கள். வாப்பாவிடம் சொல்லி ஒரு நீளப் பலகையில் கொழுக்கி அடித்து வைத்திருக்கிறேன், உன் வீட்டு விறாந்தையில் சாத்தியிருப்பது அதுதான், என்ன ஏது என்று நீ ஒருக்காலும் கேட்கவில்லை. வாசல் பக்கமாக, மேடையில் இருந்து தூரத்தில் அதைக் கட்டிவிட்டு, வருகிறவர்களை வரவேற்கும்போதே கைகாட்டிவிட வேண்டும். ஸ்டாண்டை ஆட்கள் நடக்கிற பக்கம் வைக்காதே, மேடையின் மூலையில் வைத்து முன்னால் கதிரைகளை வேலி மாதிரி போடு. கால்களை முழுக்க விரி. இடம் காணாது என்று ஒடுக்கி வைக்கிறாயே, அதை விடு, இடம் காணாவிட்டால் அந்த லைட் இல்லாமல் எடு. லைட்டின் பாரம் சாய்கிற பக்கமாக ஒரு கால் இருக்கட்டும், மூட்டை பின்பக்கத்துக் காலில். தேவைக்கு மேல் உயர்த்தாதே. மாப்பிள்ளை வருகிற அறிவிப்பை முன்கூட்டியே இரண்டு தரம் சொல்லச் சொல்லி வீட்டாரிடம் கேள், ஒருத்தியும் ஓட வேண்டி வராது. இதைக் கேட்பதில் வெட்கம் இல்லை. நான் வெட்கப்பட்டுத்தான் இப்படிக் கிடக்கிறேன்.

நான் இனிமேல் உன்னோடு வரமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தோள் பொருந்திவிடும் என்று டாக்டர் சொல்கிறார், ஆனால் முழங்காலுக்கு வயதாகிறது, கண்ணும் முன்னைப்போல இல்லை. உனக்குக் கோபத்தில் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நிற்கிறேன் என்ற நினைப்பில்தான் நீ மூட்டையை விட்டாய். நான் இல்லை என்றால் விடமாட்டாய். உனக்கு ஒத்தாசைக்கு வேறொரு பெண்பிள்ளையைப் பழக்கு, அவளையும் கம்பிக்குக் காவல் வைக்காதே, கம்பி தன் காலில் நிற்கட்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: நீ பழையபடி சாமான் பையைத் தூக்கிக்கொண்டு, வாப்பாவை அவசரப்படுத்திக்கொண்டு போவதை இந்த யன்னலில் இருந்து பார்க்க வேண்டும். நீ என்னைப் பராமரிப்பதற்காக வீட்டில் இருப்பது எனக்கு ஆறுதல் இல்லை, பாரம். உன் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் உன் தொழிலின் மேல் விழுந்து அதை முறித்துவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் கடிதத்தை முடிப்பதாகத்தான் இருந்தேன். வாப்பா அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகும்போது போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார், அது அடித்தது, எடுத்தேன். மூதூரில் இருந்து. வாங்க வருகிற பிள்ளை இல்லை, அவளுடைய உம்மா. வெள்ளிக்கிழமை எந்த நேரம் வசதி என்று கேட்டார், வீட்டு அடையாளம் கேட்டார், சலாம் சொல்லிப் போனை வைக்கப் போனவர் இன்னொன்றும் கேட்டார்: "மகளுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்ல. கலியாண வீடுகளுக்கு நான்தான் கூடப் போகப்போறன். எனக்கு இந்தச் சாமான் ஒண்டும் விளங்காது. அந்தக் கம்பியப் பக்கத்தில நிண்டு சும்மா பிடிச்சுக்கொண்டாச் சரிதானே?"

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவரும் வருகிறார். விற்பதும் வைத்திருப்பதும் உன் விருப்பம், அதற்கு மேல் நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அந்த மனுசியின் கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். என் தோளைக் காட்டிச் சொல்லாதே. ஸ்டாண்டை விரித்து வைத்து, மூட்டையைப் போட்டுக் காட்டிச் சொல்லு.

உன் உம்மா